ஐஸ் பாயின் வாயும் ஒரு குழந்தையின் குடலும்

பட்டு பெண் குழந்தை. செட்டியார்பட்டியில் இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. காது குத்தியாகிவிட்டது, கொலுசு போட்டாகிவிட்டது, தாய்மாமன் வருங்காலச் சீர்வரிசையை நினைத்து இப்போதே பெருமூச்சு விட ஆரம்பித்துவிட்டான். சந்தேகம் கிளம்பியது ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு பால்கோவா கடையின் மாடியில்.

“பாய், இந்தத் தன்விகா ஆணா, பெண்ணா?”

கேட்டவர் டாக்டர் பியூலா. கைக்குழந்தைகளின் குடல் நோய்களை ஆராய்கிறவர். இரண்டு அறை, ஒரு பெரிய ஃப்ரீசர், ஓயாமல் முனகும் ஒரு ஏசி, இவ்வளவுதான் அவருடைய ஆராய்ச்சி நிலையம். மற்றதெல்லாம் சென்னையில் தலைமை ஆபீசில்.

கேட்கப்பட்டவர் சாகுல் ஹமீது. ராஜபாளையம் சுற்றுவட்டாரத்துக் கைக்குழந்தைகளின் மலத்தை வீடு வீடாக வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து, டிவிஎஸ் வண்டியில் கொண்டுவந்து சேர்ப்பது அவர் வேலை. அடையாள அட்டையில் இந்த வேலைக்கு நீளமான இங்கிலீஷ் பெயர் உண்டு. அதை அவர் மனைவி ஹாஜரா கல்யாண வீடுகளில் மட்டும் எடுத்துப் பயன்படுத்துவாள்.

“எந்தத் தன்விகா டாக்டரம்மா?”

“செட்டியார்பட்டி. அப்பா வேல்பாண்டி, அம்மா மகாலட்சுமி.”

“அட, நம்ம பட்டு. பொம்பளைப் பிள்ளைதான். இப்பத்தான காது குத்துனாக. நான் வெளிய கறி திங்க மாட்டேன்னு எனக்குத் தனியாச் சாம்பார் வச்சாக.”

“அவ ரத்தம் பெண்ணுன்னு சொல்லுது. நீங்க கொண்டுவந்த மலம் ஆணுன்னு சொல்லுது.”

சாகுல் ஹமீதுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஐஸ் விற்ற காலத்தில் அவரிடம் எத்தனையோ புகார்கள் வந்திருக்கின்றன. குச்சி ஐஸில் குச்சி இல்லை என்று வந்திருக்கிறது, குச்சி மட்டும்தான் இருக்கிறது என்றும் வந்திருக்கிறது. சரக்கு ஆணாகப் போய்விட்டது என்று யாரும் இதுவரை சொன்னதில்லை.

அவருக்குக் கோபம் வரவில்லை. ஆச்சரியம்தான் வந்தது.

“அதுல எப்படிம்மா ஆணு பொண்ணு தெரியும்?”

பியூலா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இந்த மனிதர் ஒரு கேள்வி கேட்டால் பதில் கிடைக்காமல் படியிறங்க மாட்டார் என்று அவருக்குத் தெரியும்.

“குடலோட உள்பக்கத் தோல் இருக்குல்ல பாய், அது தினமும் உரிஞ்சு விழும். புதுசு வளரும். உரிஞ்சது மலத்தோடதான் வெளிய வரும். அதுல உள்ள செல்லை எடுத்துப் பார்த்தா ஆணா பெண்ணான்னு தெரியும். எந்த மரபணு வேலை செய்யுது, எது தூங்குதுன்னும் தெரியும். பிள்ளை வயித்துக்குள்ள குழாய் விடாம குடலை எட்டிப் பார்க்க இது ஒண்ணுதான் வழி. அதான் ஐஸ், ஐஸ்னு உங்க உயிரை எடுக்கேன். வெயில் பட்டா அந்தச் சேதி அழிஞ்சிரும்.”

“மரபணு தூங்குமா?”

“உங்க கண்ணுல உள்ள செல்லுலயும் குடலுக்கு வேண்டிய மரபணு இருக்கு. அங்க அது தூங்கும். குடல்ல முழிச்சிருக்கும். எங்க முழிக்கணும், எப்ப முழிக்கணும்னு சொல்றதுக்குன்னு தனியா இடம் இருக்கு.”

சாகுல் தன் கண்ணை ஒருதரம் கசக்கிக்கொண்டார். உள்ளே இத்தனை நாளாக ஒரு குடல் தூங்கிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்குப் புதுச் செய்தி.

அதற்குள் பியூலா விஷயத்துக்கு வந்துவிட்டார். பட்டுவுக்குப் பிறந்ததிலிருந்தே வயிற்றுப்போக்கு. பால் உள்ளே போகும், தண்ணீராய் வெளியே வரும். ராஜபாளையத்தில் பார்த்தார்கள், மதுரையில் பார்த்தார்கள். மரபணு சோதனைகூட ஒன்று எடுத்தார்கள். ‘எல்லா மரபணுவும் நன்றாக இருக்கிறது’ என்று முடிவு வந்தது. ஊரில் நாட்டு வைத்தியம் என்று தொக்கம் எடுத்தார்கள், குடல் தட்டினார்கள். குழந்தை மட்டும் நாளுக்கு நாள் கொலுசுக்குள்ளிருந்து நழுவிக்கொண்டிருந்தது. காரணம் தெரியாத இப்படிப்பட்ட குழந்தைகளைத்தான் இந்த ஆய்வு தேடுகிறது. காரணம் பிடிபட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்து வைத்தியமும் ஆய்வே பார்க்கும். ஒத்துப் பார்ப்பதற்காக அக்கம்பக்கத்து ஆரோக்கியமான குழந்தைகளிடமும் மலம் வாங்குவார்கள். அவ்வளவுதான் ஏற்பாடு.

“பட்டு பேர்ல வந்தது தேக்கு மாதிரி இருக்கு பாய். இந்தப் பிள்ளைக்கு ஒரு நோயும் இல்லைன்னு சென்னையில எழுதிட்டாங்க. மாசக் கடைசியில இந்த வருஷத்துக் கடைசிப் பெட்டி போகுது. அதுக்குள்ள அவளோடது, அவளோடதே, வரலேன்னா பேரை எடுத்துருவாங்க.”

“எடுத்துட்டா?”

“அடுத்த ஆய்வு எப்ப வரும்னு தெரியாது. அவ அதுவரைக்கும் தாங்குவாளான்னும் தெரியாது.”

சாகுல் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினார். கீழே பால்கோவா கடைக்காரர் சுப்புராஜ் கல்லாவில் இருந்தார். வீட்டில் தெலுங்கு, கல்லாவில் தமிழ், கணக்கு மட்டும் மனதுக்குள். மாடியில் ஏதோ தயிர் சோதனை நடப்பதாக அவர் நம்பிக்கொண்டிருந்தார். அப்படி இல்லை என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஒருநாள் அவர் பெட்டியைப் பார்த்து, “என்ன பாய், நமக்கெல்லாம் ஒரு கப்பு கிடையாதா?” என்று கேட்டபோது, “உங்களுக்கு ஒத்துக்காது அண்ணாச்சி” என்று உண்மையையே சொன்னார் சாகுல்.

*

சாகுல் ஹமீது இருபது வருஷம் ஐஸ் விற்றவர். சேமியா ஐஸ், பால் ஐஸ், சிவப்புக் கலரில் வாய்க்குச் சாயம் ஏற்றும் ஒரு ஐஸ். பெட்டிக்கடை தோறும் கம்பெனிக்காரன் ஃப்ரீசர் கொண்டுவந்து வைத்த பிறகு பிழைப்பு உருகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் பியூலா ஆள் தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு வேண்டியது, கதவைத் தட்டி ‘உங்கள் பிள்ளையின் மலம் வேண்டும்’ என்று கேட்டால் அடி வாங்காமல் திரும்பி வரக்கூடிய ஒருவர்.

சாகுல் போனார். பழைய ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் ஆபீஸ் கொடுத்த வெள்ளைப் பெட்டியைக் கட்டினார். பழைய ரப்பர் ஹாரனை மட்டும் மாற்றவில்லை. பாம் பாம் என்று அமுக்கினால் தெருவே வெளியே வந்தது. முன்பு கையில் சில்லறையோடு வந்தார்கள், இப்போது கையில் டப்பாவோடு வருகிறார்கள். ஹாஜராவுக்குத்தான் மனசு ஆறவில்லை.

“ஊரெல்லாம் காலையில வீட்டை விட்டு வெளிய தள்ளுறதை நீங்க மட்டும்தான் பெட்டியில வச்சு ஊர்வலம் கொண்டுபோறீக.”

“ஆராய்ச்சி ஹாஜரா.”

“ஆராய்ச்சியைக் குளிச்சிட்டு வந்து சொல்லுங்க. சோறு அதுக்கப்புறம்தான்.”

எல்லாம் சரியாக இருந்தது, வாயைத் தவிர. வாடிக்கையாளரைப் புகழாமல் விட்டால் அந்த வாய்க்கு ஜலதோஷம் பிடிக்கும். ஐஸ் விற்ற காலத்தில், ‘இந்தத் தெருப் பிள்ளைக மாதிரி எங்கயும் பார்த்ததில்லை’ என்று எல்லாத் தெருவிலும் சொன்ன வாய் அது. இப்போது டப்பாவை வாங்கி மூடியைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்து, “அடடா. மாரீஸ்வரி, பிள்ளைக்கு என்னத்தைக் குடுத்து வளர்க்கிறே? கத்தி வச்சு வெட்டலாம் போல இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனது.

சொன்னது ஒரு பேச்சுக்கு. செட்டியார்பட்டியில் அது மார்க்காக மாறிவிட்டது.

மாரீஸ்வரி மகன் ஹர்ஷித்பாண்டி முதல் ரேங்க். ஒரு வயதுகூட ஆகவில்லை, அதற்குள் தெருவில் இவ்வளவு பேர் வாங்கிய பிள்ளை அவன் ஒருவன்தான். மூன்றாம் வீட்டுக்காரி வாழைப்பழம் பிசைந்து கொடுத்து ரேங்கை ஏற்றினாள். கடைசி வீட்டுக்காரி, “போன தடவை நல்லாருக்குன்னீக, இந்தத் தடவை சும்மா மூடுறீக. என்ன குறை கண்டீக?” என்று வண்டியை மறித்தாள். சாகுல் சிரித்துக்கொண்டே ஒரு புகழ்ச்சியைக் கொடுத்துவிட்டுப் போனார். கொசுறு கொடுப்பதுபோல.

இந்தப் புகழ்ச்சிகளையெல்லாம் மாரீஸ்வரியின் பக்கத்து வீட்டு வாசலில் பட்டுவை இடுப்பில் வைத்துக்கொண்டு மகாலட்சுமி கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது, பால்கோவா கடைப் படியிறங்கும்போதுதான் சாகுலுக்கு உறைத்தது.

*

ஒரு தாயிடம் போய், ‘நீ கொடுத்தது உன் பிள்ளையுடையதா’ என்று கேட்பது எப்படி? வழியெல்லாம் யோசித்தார். ராஜபாளையத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தது. செங்கோட்டை ரயில் போய், கேட் திறந்து, பின்னால் நின்ற லாரிக்காரன் திட்டும்வரை யோசித்தார். கடைசியில் ஒரு வழி தோன்றியது. மனிதனுக்குத் தோன்றுகிற வழிகளில் சில, தோன்றாமலே இருந்திருக்கலாம்.

செட்டியார்பட்டியில் ஹாரனை அமுக்கி, பெண்கள் கூடியதும் குரலைத் தாழ்த்தினார்.

“ஒரு ரகசியம் தாயிகளா. கெட்டியா இருக்கிறதுக்கு இப்ப அங்க மதிப்பில்லை. தண்ணியாப் போறதுக்குத்தான் சென்னையில கிராக்கி. டாக்டரம்மா தேடுறதே அதைத்தான்.”

மகாலட்சுமி காதில் விழும்படி ஒருமுறை, விழாமல் போயிருக்குமோ என்று இன்னொரு முறை.

அடுத்த தடவை எல்லா டப்பாவும் தண்ணீராய்த் தளும்பியது. சாகுலுக்கு ஏதோ இடித்தது. ஆனாலும் கொண்டுபோய்ச் சேர்த்தார். மறுநாள் பியூலா அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“பாய், செட்டியார்பட்டியில வாந்திபேதி ஏதும் பரவுதா? சுகாதாரத் துறைக்குச் சொல்லணுமான்னு பார்க்கேன். ஆனா ஒண்ணு புரியலை. எல்லாத்துலயும் குழாய்த் தண்ணி வருது.”

சாகுல் நடந்ததைச் சொன்னார். கத்தி வைத்து வெட்டலாம் என்று சொன்னதிலிருந்து சென்னைக் கிராக்கி வரை ஒன்றையும் விடவில்லை. பியூலா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து சாகுல் எழுந்தேவிட்டார். நிமிர்ந்தபோது தெரிந்தது, சிரிப்பு. சிரித்து முடித்ததும் அந்தச் சிரிப்பு முகத்தில் இல்லை.

“ஒரு வாரம்தான் இருக்கு. இனிமே நல்லாருக்கு, மோசமா இருக்குன்னு ஒரு வார்த்தை வரக் கூடாது. அந்த வாயை ஐஸ் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிட்டுப் போங்க.”

“சரிம்மா.”

“பட்டுவோடது எங்க? இதுல அவ டப்பா காலியா இருக்கு.”

சாகுலுக்கு இதுதான் விளங்கவில்லை. ஊரெல்லாம் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக் கொடுக்கிறது. உண்மையிலேயே தண்ணீராய்ப் போகிற பிள்ளையை வைத்திருக்கிறவள் காலி டப்பாவை மூடிக் கொடுத்திருக்கிறாள். வெட்கப்பட்டு முன்பு மறைத்தாள் என்றால், இப்போது என்ன வெட்கம்? இந்தத் தடவை அவர் வழி எதுவும் யோசிக்கவில்லை. நேராகப் போய்க் கேட்பது என்று முடிவு செய்தார்.

*

மகாலட்சுமி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொடி முழுக்க வெள்ளை வெளேர் என்று துண்டு துண்டாக, காயத்துக்குக் கட்டுப் போடுகிற காஸ் துணி. அந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதித் தறி ஆஸ்பத்திரிக்குக் காஸ் நெய்கிற தறி. கழித்துப்போட்ட துணியைத்தான் தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடுப்பில் மடித்துக் கட்டுவார்கள். வேல்பாண்டிக்கு வேலையே காஸ் கம்பெனியில் என்பதால் பட்டுவுக்குத் துணிக்குப் பஞ்சம் இல்லை.

“டப்பா காலியா இருக்கு தாயி” என்றார் சாகுல்.

அவள் கையிலிருந்த துணியை உதறினாள். “இருந்தா குடுக்க மாட்டனா?”

“பிள்ளைக்குத்தான் ஓயாமப் போகுதே.”

“போகுது. எங்க போகுது? இந்தா பாருங்க.” கொடியிலிருந்த துணியை இழுத்து அவர் முன்னால் நீட்டினாள். “தண்ணியாப் போகுது, இது குடிச்சிருது. வழிக்கிறதுக்கு என்ன இருக்கு? நீங்க குடுத்த கரண்டியை வச்சுக்கிட்டு துணியைச் சுரண்டவா? அங்கிட்டு மாரீஸ்வரி டப்பாவைப் பார்த்து வெட்டலாம், கொத்தலாம்னு சொல்றீக. எங்கிட்ட டப்பாவுல ஒண்ணுமே இல்லை. வெறும் டப்பாவை எப்படிக் குடுக்கிறது? அவகிட்ட ஒரு கரண்டி வாங்கிப் போட்டேன்.”

பக்கத்து வீட்டிலிருந்து மாரீஸ்வரி ஹர்ஷித்பாண்டியோடு வந்து சேர்ந்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் நடக்கிற பேச்சை அந்தப் பக்கமிருந்தே கேட்கிற பொறுமை அவளுக்குக் கிடையாது.

“உறைமோர் கேட்டாக் குடுக்குறோம், காப்பித்தூள் கேட்டாக் குடுக்குறோம். இது என்ன பெரிய காரியம்? எம் பிள்ளைக்கா குறைஞ்சு போச்சு” என்றாள்.

“ஏட்டி, அது பரிசோதனைக்குப் போறது” என்றார் சாகுல்.

“அதான் நல்லதாப் பார்த்துக் குடுத்தேன்.”

வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க சாகுலால் முடியவில்லை. நடந்ததை இரண்டு பேருக்கும் சொன்னார். ஆண் பிள்ளை என்று வந்தது, நோயில்லை என்று எழுதியது, மாசக் கடைசிப் பெட்டி, பெயரை எடுத்துவிடுவது. சொல்லச் சொல்ல மகாலட்சுமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நல்லாருக்குன்னு ஒருத்தராச்சும் சொல்லட்டும்னுதான் பாய் போட்டேன்” என்றாள். “இவ பொறந்ததுல இருந்து ஒருத்தர்கூடச் சொல்லலை. தாய்ப்பால் சரியில்லைன்னாக, நான் திங்கிறது சரியில்லைன்னாக. நீங்க மட்டும்தான் எல்லாப் பிள்ளையையும் நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போவீக.”

சாகுல் அவள் கையிலிருந்த துணியை வாங்கிக் கொடியில் போட்டார்.

வேல்பாண்டி ஷிஃப்ட் முடிந்து வந்தான். விஷயத்தைக் கேட்டதும் முதலில் துணியைத்தான் தடவிப் பார்த்தான். “கம்பெனித் துணி பாய். ஒரு சொட்டு கீழ விழாது. அதுக்குன்னே நெய்யுறது” என்றான். பெருமையாகத் தொடங்கி, முடிக்கும்போது அந்தப் பெருமை எங்கே போவது என்று தெரியாமல் நின்றது.

சாகுல் பியூலாவுக்குப் போன் போட்டார். துணியின் மேல் ஈரம் குடிக்காத வழுவழுப்புத் தாள் ஏதாவது விரித்துக் கட்டச் சொன்னார் அவர். அப்படிப்பட்ட தாளுக்குச் செட்டியார்பட்டியில் எங்கே போவது? பியூலாவே யோசித்து, கீழே இறங்கி, சுப்புராஜிடம் பால்கோவா டப்பாவுக்குள் விரிக்கிற தாளில் ஒரு கட்டு கேட்டு வாங்கி வைத்தார். எதற்கு என்று அவர் கேட்டார். சோதனைக்கு என்றார் இவர். தரமான தாள் என்று சுப்புராஜ் தலையாட்டினார். தரத்தில் இன்றுவரை குறை சொல்ல முடியாது.

*

பெட்டி கிளம்புகிற நாளுக்கு முந்தின காலை. பட்டு தாள் விரித்த மெத்தையில் மல்லாந்து கிடந்தாள். இடுப்பில் காஸ், காஸுக்கு மேல் பால்கோவாத் தாள். வாசலில் வண்டி, வண்டியில் பெட்டி, பெட்டிக்குள் புது ஐஸ். சாகுல் மரத்தடியில் நின்றார், வாயைத் திறக்காமல். மாரீஸ்வரி வந்து உட்கார்ந்தாள். கடைசி வீட்டுக்காரி வந்து உட்கார்ந்தாள். வேல்பாண்டி லீவு போட்டுவிட்டு கைலியை மடித்துக் கட்டி நடந்துகொண்டிருந்தான்.

பிறந்ததிலிருந்து நிற்காமல் போய்க்கொண்டிருந்த பிள்ளை, அன்றைக்கென்று போகவில்லை.

“இவ்வளவு பேர் பார்த்தா எனக்கும்தான் வராது” என்றாள் மாரீஸ்வரி.

“நீ வாயை மூடு ஏட்டி” என்றாள் கடைசி வீட்டுக்காரி.

“பாய் மூடியிருக்காரு. அது போதாதா?”

பட்டு சிரித்தாள். கை காலை ஆட்டினாள். கூரையில் ஓடிய பல்லியை வேடிக்கை பார்த்தாள். மகாலட்சுமி பால் கொடுத்துப் பார்த்தாள். வெயில் ஏறியது. சாகுல் இரண்டு தடவை பெட்டியைத் திறந்து ஐஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினார். மூன்றாம் தடவை மூடும்போது உள்ளேயிருந்து மகாலட்சுமியின் குரல் வந்தது, சத்தமில்லாமல், பிள்ளை பயந்து நிறுத்திவிடுமோ என்பதுபோல.

“பாய். வந்திருச்சு.”

தாளில் தேங்கியிருந்தது. மங்கிய மஞ்சளில் தண்ணீர், வேறொன்றுமில்லை. கரண்டியால் ஓரமாகத் தள்ளி டப்பாவில் வழித்தாள். சாகுல் வாங்கி வெளிச்சத்தில் பிடிக்கவில்லை, மூடியைத் திறக்கவில்லை, பெட்டிக்குள் ஐஸின் நடுவில் வைத்து மூடி வண்டியை உதைத்தார்.

ராஜபாளையத்தில் கேட் போட்டிருந்தது. லீவில் வந்த பட்டாளத்துக்காரர் ஒருவர் பக்கத்தில் வியர்த்துக்கொண்டு நின்றார். பெட்டியைப் பார்த்தார், ஹாரனைப் பார்த்தார்.

“பாய், ஒரு சேமியா ஐஸ் குடுங்க. எம்புட்டு வருசமாச்சு.”

சாகுல் வாயைத் திறக்காமல் கையை விரித்துக் காட்டினார். இல்லை என்று அர்த்தம். பட்டாளத்துக்காரர் விடுகிறவராக இல்லை. பெட்டி மேல் கை வைத்தார். அந்த நேரத்தில் ரயில் வந்து போய், கேட் திறந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக செங்கோட்டை ரயில் நல்ல நேரத்தில் வந்ததாக சாகுல் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

*

முடிவு வர மழைக்காலம் ஆகிவிட்டது. பியூலா தானே செட்டியார்பட்டிக்கு வந்தார். சாகுலும் கூட வந்தார், பின்னால் நின்றார். நாற்காலி போட்டார்கள். குடிக்கக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். பியூலா எப்படி ஆரம்பிப்பது என்று தேடினார்.

“மரபணு எல்லாம் நல்லாருக்குன்னு மதுரையில சொன்னாங்கள்ல? அது சரிதான். ஆனா மரபணுக்களுக்கு நடுவுல ஒரு சின்ன இடம் இவளுக்கு இல்லை. அந்த இடம் மரபணு கிடையாது, அதை முழிக்க வைக்கிற இடம். சாப்பாடு வந்திருக்குன்னு குடலுக்குச் சொல்ற சில செல்கள் இருக்கு. அந்தச் செல்கள் வளர வேண்டிய நேரத்துல, அதுக்கான மரபணுவை முழிக்கச் சொல்ல ஆள் இல்லை. அதான் பால் போனாலும் குடலுக்குத் தெரியலை. நீங்க அனுப்புன மலத்துல பார்த்தோம், அந்த மரபணு இருக்கு, ஆனா குடல்ல தூங்குது. அதுக்கப்புறம்தான் ரத்தத்துல எந்த இடத்தைப் பார்க்கணும்னு தெரிஞ்சது.”

வேல்பாண்டிக்குத் தறிதான் நினைவுக்கு வந்தது.

“எங்க ஷெட்டுல ஒரு தறிக்கு சுவிட்சு போர்டு முதலாளி ரூம்ல இருக்கு மேடம். ஒருதரம் தறி ஓடலை. பிட்டர் வந்து பிரிச்சு மாட்டினான், பிரிச்சு மாட்டினான், ஒரு குறையும் இல்லை. கடைசியில பார்த்தா அந்த ரூம்ல வயரை எலி கடிச்சிருக்கு.”

“அப்படித்தான். இத்தனை நாளும் எல்லாரும் தறியைப் பிரிச்சிட்டு இருந்தோம். நாங்களும்தான்.”

மகாலட்சுமி பட்டுவை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும், கேட்கவும் பயம். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“இது எங்கிட்ட இருந்து வந்ததா?”

“பாதி உங்ககிட்ட இருந்து, பாதி அவர்கிட்ட இருந்து. ரெண்டும் சேர்ந்தாத்தான் நோய். ஒருபக்கம் மட்டும்னா ஒண்ணும் தெரியாது. நீங்க ரெண்டு பேரும் நல்லாத்தான இருக்கீங்க? சொந்தத்துல கட்டுனவங்க. அத்தை மகன், மாமன் மகள், ஒரே வேர். அதனால ரெண்டு பக்கமும் அதே இடம் இல்லாமப் போச்சு. பாலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.”

மகாலட்சுமி தலையை நிமிர்த்தி வேல்பாண்டியைப் பார்த்தாள். அவன் தறிக்கதையை இன்னும் கொஞ்சம் சொல்லலாமா என்று பார்ப்பதுபோல் வேறு பக்கம் பார்த்தான். அப்புறம் பிள்ளையை அவள் மடியிலிருந்து வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். “பாதி எனக்கும் இருக்குல்ல” என்றான்.

வேலியோரம் நின்ற மாரீஸ்வரி, இதைத் தெருவில் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அப்போதே மனதுக்குள் ஆள் பிரித்துவிட்டாள். தாய்ப்பாலைக் குறை சொன்னவர்கள் வீட்டுக்குத்தான் முதலில் போனாள்.

வைத்தியம் மந்திரம் மாதிரி நடக்கவில்லை. விடுபட்ட இடத்தைத் திரும்ப ஒட்டிவைக்க இன்னும் யாருக்கும் தெரியாது என்று பியூலா ஒளிக்காமல் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் பட்டுவுக்கு நெஞ்சருகே ஒரு பெரிய ரத்தக் குழாயில் ஊசி வைத்து சாப்பாட்டை நேராக ரத்தத்தில் ஏற்றினார்கள். குடலை நம்பவில்லை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு மாதிரிப் பால்மாவு. வளர வளர சில குடல் பழகிக்கொள்ளும், சிலது பழகாது. இது எந்த வகை என்று ஒருவருக்கும் தெரியாது. மகாலட்சுமி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே குடும்பம் நடத்தினாள். வேல்பாண்டி வாராவாரம் ரயிலேறினான். போகும்போதெல்லாம் ஒரு கட்டுக் காஸ் கொண்டுபோனான். அங்கிருந்த நர்சுகள் கம்பெனி எது என்று கேட்டார்கள், அதைச் சொல்லும்போது மட்டும் அவன் பழைய வேல்பாண்டியாக இருந்தான்.

பட்டு திரும்பி வந்தபோது கொலுசு காலில் நின்றது.

ஆய்வு முடியவில்லை. பட்டுவின் மலம் இன்னும் சென்னைக்குப் போக வேண்டும், பால்மாவுக்குக் குடல் எப்படிப் பழகுகிறது என்று பார்க்க. ஊருக்குள் மறுபடியும் பாம் பாம் கேட்டது. பெண்கள் டப்பாவோடு வந்தார்கள். சாகுல் வாங்கினார், வைத்தார், வாயைத் திறக்கவில்லை. தெருவுக்கே இது பெரிய ஏமாற்றம். “பாய்க்கு என்ன, பல்வலியா?” என்று கடைசி வீட்டுக்காரி கேட்டாள்.

மகாலட்சுமி கடைசியாக வந்தாள். அன்றைக்கு டப்பாவில் சத்தம் வரவில்லை, தளும்பல் இல்லை. கையில் வாங்கியதுமே சாகுலுக்கு எடை தெரிந்தது. மனசு கேட்காமல் மூடியைக் கொஞ்சம் திறந்தார். கூழ் பதம். கத்தி வைத்து வெட்ட முடியாது. ஆனால் கரண்டியை நட்டால் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் சாயும்.

வாய் தானாகத் திறந்தது. பியூலா நினைவுக்கு வந்தார். மூடிக்கொண்டார்.

“என்ன பாய், ஒண்ணும் சொல்லலையா?” என்றாள் மகாலட்சுமி.

“சொல்லக் கூடாது தாயி. உத்தரவு.”

“சும்மா மெதுவாச் சொல்லுங்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.”

அவர் தலையை ஆட்டினார். டப்பாவை ஐஸின் நடுவில் இறக்கி வைத்தார், பெட்டியை மூடினார், வண்டியில் ஏறி உட்கார்ந்தார். தெருமுனை வரை ஒழுங்காகத்தான் போனார். அங்கே குறுக்கே ஆள் இல்லை, மாடு இல்லை, ஹாரன் அடிக்க ஒரு காரணமும் இல்லை. அவர் ரப்பர் பந்தை அமுக்க ஆரம்பித்தார், விடவில்லை. பெரிய ரோட்டில் டவுன் பஸ்காரன் ஒதுங்கி வழிவிட்ட பிறகும் அது நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.